பகல் வெயிலில் தெரியாத தீ

மகளே,

வெள்ளிக்கிழமை காலையில் உன் தொழிற்கூடத்துக்குத் திறப்பு விழா. அதற்கு முன் இதை நீ படித்துவிட வேண்டும். நேரில் சொன்னால் என் குரல் உயர்ந்துவிடுகிறது. குரல் உயர்ந்தால் நீ தலையைக் குனிந்துகொள்கிறாய். உன் அம்மா அடுப்படியிலிருந்து, "ஆரம்பிச்சிட்டாவளா?" என்று கேட்கிறாள். அதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. அதனால்தான் எழுதுகிறேன். நம் உறவுக்காரர்கள் இதைப் படித்தாலும் எனக்கு ஆட்சேபணை இல்லை, உன் சித்தப்பாவும் படிக்கட்டும். நான் பயந்துபோயிருக்கிறேன். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது, ஏனென்றால் நான் எதை எழுதினாலும் கோபத்தில் எழுதுகிறேன் என்று எடுத்துக்கொள்ளத்தான் என்னைத் தெரிந்தவர்கள் பழகியிருக்கிறார்கள். சில நாட்களாக நடுச்சாமத்தில் எழுந்து உட்கார்ந்துகொள்கிறேன். சர்க்கரை என்று உன் அம்மா நினைக்கிறாள். சர்க்கரை இல்லை.

நீ செய்திருப்பது என்ன என்று எனக்கு முழுதாகப் புரியும். இந்த வீட்டில் அது புரிகிற ஒரே ஆள் நான்தான் என்பதில் எனக்கு ஒரு அற்ப சந்தோஷமும் உண்டு. பாஞ்சாலங்குறிச்சி தாண்டி உன் சித்தப்பா நடத்துகிற சுண்ணாம்புக்கல் குவாரியில், நல்ல கல்லெல்லாம் லாரி ஏறிப் போன பிறகு, தரம் குறைந்ததென்று தள்ளிய கல்லும் சலித்த தூசியும் குன்று குன்றாகக் கிடக்கிறது. மேல்காற்று அடிக்கும் மாதங்களில் அந்தத் தூசி பக்கத்துப் பருத்திக் காடுகளில் போய்ப் படியும். காட்டுக்காரர்கள் வந்து சத்தம் போட்டுவிட்டுப் போவார்கள். அந்தக் கழிவை நீ அள்ளி வந்து, கொஞ்சம் களிமண் சேர்த்து, மிளகு அளவுக்கு உருட்டி, சூளையில் செக்கச்சிவக்கச் சுட்டு வினையூக்கி ஆக்கினாய். பரோட்டாக் கடைகளிலும் பஜ்ஜிக் கடைகளிலும் கறுத்துப்போன எண்ணெயை வாங்கி, மெத்தனால் கலந்து, சூடாக அந்த உருண்டைகளின் ஊடே ஓடவிட்டால், கிளிசரின் அடியில் தங்கி பயோடீசல் மேலே நிற்கிறது. உருண்டைகள் செலவாவதில்லை, மறுபடி சுட்டால் மறுபடி வேலை செய்கின்றன. நம் ஊர்க் கடல் காற்றின் ஈரம் பட்டால் சுட்ட சுண்ணாம்பு அவிந்துவிடும் என்று, அவற்றை நீ இறுக்கி மூடிய தகர டின்களில் குழந்தைபோல் காப்பாற்றுகிறாய். உன் எண்ணெயை முதலில் ஊற்றி ஓட்டிய விசைப்படகுக்காரர் கரைக்கு வந்ததும், "தங்கச்சி, புகையில பரோட்டா வாசம் வருது. இனி வலையே போட வேண்டாம், மீனு தானா வந்து போட்டுல ஏறும்" என்றாராம். அதை நீ சொன்னபோது நான் சிரித்தேன். உன் அம்மா என்னை ஆச்சரியமாகப் பார்த்தாள்.

இதே தூசி எதற்காவது உதவும் என்று நானும் ஒருமுறை உன் சித்தப்பாவிடம் சொன்னேன். நீ அப்போது பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தாய். அவன் குவாரி ஆபீசில் உட்கார்ந்திருந்த ஆட்கள் முன்னால், "எம்.எஸ்ஸி. படிச்சவிய புழுதி அள்ளப் போறேங்காவ. ஏலே, யாராவது ஒரு சட்டி எடுத்துக் குடுங்கலே" என்றான். அந்தச் சிரிப்பு இன்னும் என் காதில் இருக்கிறது. அதற்குப் பிறகு அவன் வீட்டு வாசலை நான் மிதிக்கவில்லை. கல்யாணம், சடங்கு எல்லாவற்றுக்கும் உன் அம்மாதான் போய்வந்தாள். நீ போய்க் கேட்டதும் அவன் லாரியோடு அனுப்பிவைத்தான். நான் கேட்டால் புழுதி, நீ கேட்டால் வினையூக்கி. எனக்கு மறக்கத் தெரியாது. என் ஆய்வுப் பட்டத்தை முடிக்கவிடாமல் இழுத்தடித்த பேராசிரியரை, அவர் செத்துப்போன செய்தி வந்த அன்றும் நான் மன்னிக்கவில்லை. துறைமுகத்துப் பக்கம் நான் வேலை பார்த்த ரசாயன ஆலையின் மேலாளரை மன்னிக்கப்போவதும் இல்லை. அந்த ஆலையை விட்டு நான் ஏன் வந்தேன் என்று நீ பலமுறை கேட்டிருக்கிறாய், நான் எரிந்து விழுந்திருக்கிறேன். இப்போது சொல்கிறேன்.

அங்கே அந்தோணி என்று ஒருவர் இருந்தார். மணப்பாட்டுக்காரர், பம்ப்புகளைக் கழற்றிக் கழுவிப் பூட்டுவது அவர் வேலை. அன்று உச்சி வெயில். திறந்த முற்றத்தில் மெத்தனால் ஊற்றிப் பம்ப் கழுவிக்கொண்டிருந்தார். கொஞ்சம் தள்ளி வெல்டிங் நடந்துகொண்டிருந்தது. ஒரே முற்றத்தில் இரண்டையும் ஒரே நேரத்தில் செய்யக் கூடாது என்று சொன்னால், கப்பல் காத்துக் கிடக்கிறது என்பார் மேலாளர். திடீரென்று அந்தோணி தன் கால்சட்டையைத் தட்ட ஆரம்பித்தார். பிறகு மார்பைத் தட்டினார். பிறகு துள்ளினார். தீ இல்லை, புகை இல்லை. வெயிலில் ஒரு மனிதர் தனியாக நின்று ஆடுகிறார், அவ்வளவுதான். "ஏலே, அந்தோணி அண்ணனுக்குக் கட்டெறும்பு ஏறிட்டுலே!" என்று ஒருவன் கத்த, முற்றமே சிரித்தது. நான் ஆய்வகத்துச் சன்னல் வழியாகப் பார்த்தேன். அவருக்குப் பின்னால் இருந்த சுவர், தண்ணீருக்குள் தெரிவதுபோல் நெளிந்தது. அவர் சட்டை தானாகவே பழுப்பாகி, தானாகவே சுருண்டது. ஈரச் சாக்கை இழுத்துக்கொண்டு நான் ஓடிப்போய்ச் சேர்ந்தபோது அவர் கத்துவதை நிறுத்தியிருந்தார். மெத்தனால் எரிந்தால் வெயிலில் சுடர் தெரியாது என்பது பாடப்புத்தகத்தில் ஒரு வரி. நானும் அந்த வரியைப் படித்துத்தான் தேறியிருந்தேன். ஆஸ்பத்திரியில் அவர் பிழைக்கவில்லை. அந்தோணியின் கவனக்குறைவுதான் காரணம் என்று மேலாளர் எல்லோரிடமும் சொன்னார். வெல்டிங்கைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. செத்தவர் வந்து மறுத்துப் பேசப்போவதில்லையே. அதற்குப் பிறகு என்னால் அங்கே வேலை பார்க்க முடியவில்லை, விட்டுவிட்டு வந்துவிட்டேன்.

ஆயுத பூசை அன்று நடந்ததை நம் குடும்பத்தில் ஆளுக்கு ஒரு விதமாகச் சொல்கிறார்கள். நான் பார்த்ததை எழுதுகிறேன். பரிசோதனைக்காக நீ வைத்திருந்த சின்னக் கொட்டகையில் இயந்திரத்துக்குச் சந்தனம், குங்குமம், மாலை எல்லாம் ஆயிற்று. உன் சித்தப்பா தட்டில் கற்பூரம் ஏற்றி இயந்திரத்துக்குக் காட்டினான். பிறகு அப்படியே ஓரமாக அடுக்கியிருந்த மெத்தனால் ட்ரம்கள் பக்கம் நடந்தான். "இதுவும் ஆயுதம்தானே, இதுக்கு மட்டும் ஏன் கொறை வைக்கணும்?" என்றான். நான் பாய்ந்துபோய்த் தட்டைத் தட்டிவிட்டேன். கற்பூரம் வாசலுக்கு வெளியே மண்ணில் விழுந்து எரிந்தது. ஆரத்தித் தட்டைத் தட்டிவிட்டவன் என்ற பெயர் எனக்கு வந்தது. "பொறாமைக்கும் ஒரு அளவில்லியா? பெத்த புள்ள நல்லாயிருக்கதக்கூடப் பொறுக்க மாட்டாவளோ?" என்று உன் சித்தி சொன்னது வந்திருந்த எல்லோர் காதிலும் விழுந்தது. விழட்டும். ஆனால் நீ என் கையைப் பிடித்து வெளியே கூட்டிவந்து, மெதுவாக, "அப்பா, ட்ரம் எல்லாம் காலிப்பா. ஒண்ணும் ஆயிருக்காது" என்றாய். நான் பயப்பட ஆரம்பித்தது அந்த நிமிஷத்தில்தான்.

காலி ட்ரம்மா, மகளே? நிறைந்த ட்ரம்மில் ஆவி நிற்க இடம் கிடையாது. காலி ட்ரம்மின் அடியில் ஒட்டியிருக்கிற மிச்சம் ஆவியாகி, காற்றோடு கலந்து, ஒரு பொறிக்காகக் காத்துக்கொண்டிருக்கும். இதை உனக்கு நான் சொல்லித்தர வேண்டியதே இல்லை. சூளையை நீ எங்கே வைத்திருக்கிறாய் என்று பார்த்தேன். காற்று எந்தப் பக்கம் வீசும் என்று பார்த்து, ட்ரம்களை விட்டு எவ்வளவோ தள்ளி வைத்திருக்கிறாய். கொட்டகைக்குள் ஒரு சாதாரண சுவிட்சு கூட வைக்கவில்லை. வேலையாட்களின் செல்போனை வாசலிலேயே வாங்கி வைத்துவிடுகிறாய். இவ்வளவும் தெரிந்தவளுக்குக் காலி ட்ரம்மைப் பற்றித் தெரியாதா? சித்தப்பா தட்டோடு நடந்தபோது நான் உன் முகத்தைத்தான் பார்த்தேன். உன் உதடு வெளுத்திருந்தது. உனக்குத் தெரியும். தெரிந்தும் நீ வாய் திறக்கவில்லை. பெரியவர், குவாரி மண் தருகிறவர், அதிலும் சாமி காரியம், எப்படி வேண்டாம் என்பது என்று நின்றாய். பிறகு எனக்கு ஆறுதல் சொல்வதற்காக, நீ படித்த வேதியியலையே பொய்யாக்கினாய்.

மெத்தனாலைக் கையாள உனக்குத் தெரியும், அதைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. உன் நல்ல குணத்தை நினைத்துத்தான் பயப்படுகிறேன். ஒரு கல்யாண வீட்டில், பந்தியில் இடம் மாறி உட்காரச் சொன்னார்கள் என்று நான் இலையை விட்டு எழுந்து வெளியே வந்தது உனக்கு ஞாபகம் இருக்கும். நீ பாவாடை சட்டை போடுகிற வயது. நான் தெருவில் நின்று பொருமிக்கொண்டிருந்தபோது, நீ தனியாக அந்த வீட்டுக்காரரிடம் போய், "எங்க அப்பாவுக்கு வயித்து வலி மாமா, அதான் எந்திரிச்சிட்டாவ" என்று சொல்லிவிட்டு வந்தாய். யாரும் உனக்குச் சொல்லித்தரவில்லை. எங்கே நான் சண்டை போட்டாலும் பின்னாலேயே போய் அதைத் துடைத்துவிட்டு வருவாய். எல்லாவற்றுக்கும் வேண்டாம் என்று சொல்கிற ஒருவனோடு வளர்ந்து, யாரிடமும் வேண்டாம் என்று சொல்லாத பெண்ணாக ஆகிவிட்டாய். ஊரெல்லாம் உன்னைப் புகழ்கிறது, "அவிய அப்பா மாதிரி இல்ல, தங்கமான புள்ள" என்று. கேட்கும்போது எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. இப்போது யாராவது அப்படிச் சொன்னால் பேச்சை மாற்றிவிடுகிறேன். மெத்தனாலுக்கு உன் தங்கமான குணம் தெரியாது.

வெள்ளிக்கிழமை என்ன ஏற்பாடு என்று உன் அம்மா சொன்னாள். வியாழக்கிழமையே மெத்தனால் வந்து இறங்கிவிடும். காலையில் கூடத்துக்குள்ளேயே, இயந்திரத்துக்கு முன்னால் செங்கல் அடுக்கி, ஐயரை வைத்துக் கணபதி ஹோமம். வாசலில் பூசணிக்காய் மேல் கற்பூரம். இதெல்லாம் உன் சித்தப்பாவின் பொறுப்பு, நீ "சரி சித்தப்பா" என்று சொல்லிவிட்டாய். எனக்குக் கண்ணை மூடினால் இதுதான் ஓடுகிறது. மெத்தனால் ஆவி தரையோடு தவழ்கிறது. ஹோமத் தீயும் தரையில்தான் இருக்கிறது. பக்கவாட்டில் திறந்த கூடத்துக்குள் நல்ல வெயில் விழுகிறது. ஜமுக்காளத்தில் உறவுக்காரர்கள் எல்லாம் பட்டு உடுத்தி உட்கார்ந்திருக்கிறார்கள். யாரோ ஒரு குழந்தை எழுந்து காலைத் தட்டிக்கொண்டு குதிக்கிறது. எல்லோரும் சிரிக்கிறார்கள். இதை உன் அம்மாவிடம் சொன்னேன். அவள் அடுப்பை அணைத்தாள். பிறகு, "நீங்க சொல்லுதது எனக்கு வெளங்குது. ஆனா நீங்க போய்ச் சொன்னா, தம்பி மேல உள்ள கோவத்துல சொல்லுதியன்னுதான் நெனப்பாவ. நீங்க யாரப் பத்தி நல்லது சொல்லிருக்கிய, இதை மட்டும் நம்புததுக்கு?" என்றாள். அவள் சொன்னது சரி. இத்தனை வருஷம் நான் பேசிய கசப்பெல்லாம் சேர்ந்து, உண்மையாக ஒரு பயம் வந்தபோது அதை யார் காதிலும் ஏறாமல் செய்துவிட்டது.

அப்படியும் நேற்று காலை உன் சித்தப்பா வீட்டுக்குப் போனேன். உன் சித்தி கதவைத் திறந்தாள். என்னைப் பார்த்துவிட்டு உள்ளே திரும்பி, "ஏங்க, இங்கன வந்து பாருங்க, ஒங்க அண்ணன் வந்திருக்காவ. இன்னைக்கு மழை கொட்டப் போகுது, கொடியில கெடக்க துணிய எடுக்கணும்" என்றாள். அவன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்தான்.

"வாங்கண்ணே. யாரு செத்துட்டா?"

"யாரும் சாகக் கூடாதுன்னுதான் வந்திருக்கேன்" என்றேன்.

உட்காரச் சொன்னான். ஹோமத்தைக் கூடத்துக்குள் வைக்க வேண்டாம், குவாரியில் வெட்டவெளியில் வைத்துக்கொள்ளலாம், எல்லாம் அங்கேதானே ஆரம்பித்தது என்றேன். "கழிவு மேட்டுலயா? பிள்ளையாரு அங்கன எங்கண்ணே உக்காருவாரு?" என்றான். மெத்தனால் வந்து இறங்குவதற்கு முன்பே பூசையை முடித்துவிடலாம் என்றேன். "சும்மா கெடக்க மிசினுக்கு யாராவது பூசை போடுவாவளா? ஓடுத மிசினுக்குத்தான் பூசை. ஊரு பாக்கணும்லா" என்றான். அக்கினி இல்லாமல் ஒரு அர்ச்சனையோடு நிறுத்திக்கொள்ளக் கூடாதா என்று கேட்டேன். "அக்கினி இல்லாம ஹோமமா? ஐயரு கையில டார்ச் லைட்டக் குடுத்து அடிக்கச் சொல்லுவமா?" என்றான். அந்தோணியைப் பற்றிச் சொன்னேன். முழுதாகக் கேட்டான். கேட்டுவிட்டு, "கண்ணுக்குத் தெரியாத தீயாண்ணே? ஒங்களுக்கு வாய்ச்ச எதிரி எல்லாம் கண்ணுக்குத் தெரியாதவனாத்தான் இருக்கான்" என்றான். உன் சித்தி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

வேறு நாளாக இருந்தால் எழுந்து வந்திருப்பேன். உட்கார்ந்திருந்தேன். சித்தி காப்பி கொடுத்தாள். டம்ளரை எடுக்கப் போனால் அது அடியில் இருந்த வட்டகையில் மோதிக் கடகடவென்று ஆடியது. இரண்டு கையாலும் பிடித்தேன், அப்படியும் வேட்டியில் சிந்தியது. அவன் அதைப் பார்த்தான். அவன் முகம் மாறியது.

"என்னண்ணே, நெசமாவே பயந்துருக்கியளா?"

"ஆமாலே."

அவன் டம்ளரை வாங்கி ஓரமாக வைத்தான். பிறகு, "ஒண்ணு கேக்கேன், கோவப்படக் கூடாது. வெள்ளிக்கிழம குத்துவிளக்கு ஏத்தப் போறது யாரு? புள்ள ஒங்களத்தானே கூப்பிட்டிருக்கா? அதுவும் அந்தக் கூடத்துக்குள்ளதானே? நான் ஏத்துனா தீ. நீங்க ஏத்துனா மட்டும் என்ன, நிலா வெளிச்சமா?" என்றான்.

சத்தியமாகச் சொல்கிறேன், ஒரு வாரமாக ஹோமத் தீயை நினைத்து நடுங்கிக்கொண்டிருந்த எனக்கு விளக்குத் தீ ஞாபகத்துக்கே வரவில்லை. "அப்பா, நீங்கதான் விளக்கேத்தணும்" என்று நீ போனில் சொன்ன அன்றே கடைத்தெருவுக்குப் போய்ப் புது வேட்டி வாங்கினேன். உன் அம்மாவுக்குத் தெரியாமல் அதை ஒருமுறை உடுத்தியும் பார்த்தேன். என்னை யாரும் எந்த விழாவிலும் முன்னால் வரச் சொல்லிக் கூப்பிட்டதில்லை, மகளே. அந்த ஆசையில் எனக்கும் கண் மறைத்துவிட்டது.

கிளம்பும்போது அவன் வாசல் வரைக்கும் வந்தான். "நீங்க சொல்லி நான் நிறுத்துனா, அண்ணன் தம்பி சண்டையில பூசை நின்னுட்டுன்னு ஊரு பேசும். அவ சொல்லட்டும். அந்த எடத்துக்கு மொதலாளி அவதானே? சித்தப்பா, உள்ள ஒரு பொட்டுத் தீ கூட வேண்டாம்னு அவ வாயால சொல்லட்டும், நிறுத்திப்போடுதேன்" என்றான். கோபித்துக்கொண்டு மண் அனுப்பாமல் இருந்துவிட மாட்டாயே என்று கேட்டேன். "கோவம் வரும். வராம எப்படிண்ணே இருக்கும்? மண்ண அப்ப பாப்போம்" என்றான். அவன் நல்ல பதில் சொன்னான் என்று உன்னிடம் நான் பொய் சொல்லவில்லை. அவன் மண்ணை நிறுத்தினாலும் நிறுத்தலாம். நிறுத்தினால் என்ன, இந்த மாவட்டத்தில் கழிவு மேடு இல்லாத குவாரியே கிடையாது, நானே உன்னோடு வந்து ஒவ்வொரு வாசலாக நிற்கிறேன். யாரிடமும் சண்டை போடாமல் நிற்கப் பார்க்கிறேன்.

நீ அவனிடம் போய்ச் சொல்வாயா? அதுதான் எனக்குத் தெரியவில்லை. நீ இதைப் படித்துவிட்டு, அப்பா சொல்வது சரிதான் என்று நினைத்து, அவன் வீட்டுக்குப் போய், காப்பி குடித்து, சித்தியோடு பேசிச் சிரித்து, சொல்ல வந்ததைச் சொல்லாமலே திரும்பிவிடுவாய் என்று பயப்படுகிறேன். ட்ரம்களைக் கொஞ்சம் தள்ளிவைத்துச் சமாளிக்கலாம் என்று ஒரு யோசனை உனக்குள் இப்போதே ஓடிக்கொண்டிருக்கும். வேண்டாம் என்று சொல்ல வேண்டிய இடத்தில் சமாளிக்கக் கூடாது. அதற்குக் கொஞ்சம் பழக்கம் வேண்டும், உனக்கு அந்தப் பழக்கம் இல்லை. ஆகவே முதலில் என்னிடம் சொல்லிப் பழகு. இன்றைக்கே எனக்குப் போன் செய்து, "அப்பா, நீங்க விளக்கேத்த வேண்டாம்" என்று சொல். கோவிச்சுக்காதீங்கப்பா என்று பின்னால் சேர்க்காதே. வேறொரு நாள் ஏற்றலாம் என்று ஆறுதல் சொல்லாதே. எனக்கு வருத்தமாகத்தான் இருக்கும், நானே சொல்லச் சொன்னதென்றாலும் வருத்தம் வருத்தம்தான். ஒருவேளை நான் கத்தவும் செய்வேன், என் சுபாவம் உனக்குத் தெரியும். நான் கத்தி முடிக்கிறவரை போனை வைத்துவிடாதே, எதையும் துடைக்கப் பார்க்காதே, சொன்னதை மாற்றிக்கொள்ளாதே. முடிந்ததும் செருப்பை மாட்டிக்கொண்டு நேராகச் சித்தப்பா வீட்டுக்குப் போ.

போன் என் பக்கத்திலேயே இருக்கிறது.

உன் அப்பா